சிறுகோள் செய்திக்கு எமன் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூரியனைச் சுற்றிவரும் சிறு பாறைகளில் ஒன்றான அபோஃபிஸ் சிறுகோளைப் பற்றிக் கடந்த வாரம் தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். செய்தியில் பிழை ஒன்றும் இல்லை. 2029 ஏப்ரலில் அது பூமிக்கு மிக அருகில் வரும், ஆனால் மோதாது என்று தெளிவாகவே எழுதியிருந்தீர்கள். தலைப்பில்தான் அந்தச் சிறுகோளை எமனாக்கியிருந்தீர்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

2025 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் விழக்கூடும் என்று நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் பரபரத்த நாட்கள் அவை. விழக்கூடிய பாதையில் தெற்காசியாவும் இருக்கிறது என்ற செய்தி வேறு. நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சிறுவன் மாலையில் என்னிடம் கணக்குப் போட வருவான். அன்று நோட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். “அப்போது நான் பிளஸ் டூ படிப்பேன் டீச்சர். அரையாண்டுத் தேர்வு நேரம்” என்றான். முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவள் நான். அவனுக்கு உடனே என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பிப்ரவரி 18 அன்று மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் என்று நாசா கணக்கிட்டது. ஒரு வாரத்துக்குள் அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. ஏறியபோது பெரிய எழுத்தில் வந்த செய்தி, இறங்கியபோது ஒரு மூலையில் நான்கு வரியாகச் சுருங்கியது. அந்த நான்கு வரி சிறுவனின் வீட்டை எட்டவே இல்லை. நான்தான் போய்ச் சொன்னேன்.

வாய்ப்பு ஏன் ஏறி, பிறகு திடீரென்று இறங்குகிறது என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்குவது கடினமே அல்ல. வங்கக்கடலில் புயல் உருவானால் முதல் நாள் ‘நாகைக்கும் நெல்லூருக்கும் இடையே கரையைக் கடக்கும்’ என்கிறார்கள். மறுநாள் அந்த இடைவெளி சுருங்குகிறது. சுருங்கிய பகுதிக்குள் நம் ஊர் இன்னும் இருந்தால் நம் ஊருக்கான வாய்ப்பு கூடத்தான் செய்யும். இன்னும் சுருங்கி நம் ஊர் வெளியே போய்விட்டால் அதோடு கவலை தீர்ந்தது. சிறுகோளின் பாதையும் அப்படித்தான். தொலைநோக்கியில் கூடுதலாகச் சில இரவுகள் பார்க்கப் பார்க்கப் பாதையின் அகலம் குறைகிறது. அபோஃபிஸுக்கே 2004 டிசம்பரில் 2.7 சதவீதம் என்றார்கள். 2021-இல் ரேடார் கொண்டு அளந்த பிறகு, அடுத்த நூறு ஆண்டுகளுக்கு ஆபத்தில்லை என்று, மோதக்கூடியவற்றின் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இந்த விளக்கத்தைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தால் அந்தச் சிறுவன் அன்று கணக்குப் போட்டிருப்பான்.

பயத்தைவிடப் பெரிய செய்தி ஒன்று நம் கண்முன்னே நடந்தது. 2022 செப்டம்பர் 27, நம் நேரப்படி அதிகாலை 4.44 மணி. அலாரம் வைத்து எழுந்து கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். சிறுகோளை மோதித் தள்ளிப் பாதையை மாற்ற முடியுமா என்று பார்க்க அனுப்பிய நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமே உள்ள டிமார்ஃபஸ் என்ற சிறுகோளை நோக்கி வினாடிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. வினாடிக்கு ஒரு படம். முதலில் ஒரு வெளிச்சப் புள்ளி. பிறகு முட்டை வடிவம். பிறகு ஜல்லியைக் கொட்டிவைத்தது போன்ற மேடு. அப்புறம் ஒவ்வொரு பாறையாகத் தனித்தனியே தெரிந்தது, பாறைகளின் நிழல்கூடத் தெரிந்தது. கடைசிப் படத்தில் ஒரு பட்டை அளவுக்கே காட்சி வந்தது, மீதி வெறுமை. அனுப்பி முடிப்பதற்குள் விண்கலம் மோதிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டிமார்ஃபஸ் தன்னைவிடப் பெரிய டிடிமோஸ் என்ற சிறுகோளைச் சுற்றிவர 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. மோதிய பிறகு 11 மணி 23 நிமிடம் ஆனது. 73 வினாடி குறைந்தாலே வெற்றி என்று வைத்திருந்த இடத்தில் அரை மணி நேரம் குறைந்தது! காரணம், மோதிய வேகம் மட்டும் அல்ல. சிதறி வெளியே பாய்ந்த கல்லும் தூசியும் துப்பாக்கியின் பின்னுதைப்பைப் போலச் சிறுகோளைக் கூடுதலாகத் தள்ளின. இறுகிய ஒற்றைப் பாறையாக இருந்திருந்தால் கணக்கே வேறு. அதனால்தான் இவை எதனால் ஆனவை என்று தெரிந்துகொள்ள நேரில் போக வேண்டியிருக்கிறது. ஜப்பானின் ஹயபுசா 2 விண்கலம், ரியூகு என்ற சிறுகோளிலிருந்து ஐந்து கிராமுக்குச் சற்று அதிகமாக மண் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம், பென்னு என்ற சிறுகோளைத் தொட்டபோது அதன் கை அரை மீட்டர் ஆழம் உள்ளே புதைந்தது. அவ்வளவு தளர்வான கற்குவியல் அது. அங்கிருந்து வந்த 121.6 கிராம் மண்ணில், புரதங்களுக்கு அடிப்படையான அமினோ அமிலங்களும், உப்புநீர் வற்றிப் படிந்த உப்புகளும் கிடைத்தன. டார்ட் அடித்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க 2024 அக்டோபரில் ஐரோப்பாவின் ஹேரா விண்கலம் புறப்பட்டது.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 140 மீட்டருக்கு மேற்பட்ட, பூமிக்கு அருகில் வரக்கூடிய சிறுகோள்களில் பாதிக்கும் மேல் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒய்ஆர்4 கண்ணில் பட்டபோது, அது நம்மைக் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அளவுள்ள கல் வெடித்தது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் கண்ணாடி கிழித்து. பளிச்சென்ற ஒளியைப் பார்த்து ஜன்னலுக்கு ஓடியவர்கள் மீது, சற்று நேரம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடியை நொறுக்கிக் கொட்டியது. வானத்தில் அப்படி ஓர் ஒளி தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகுங்கள் என்ற ஒரு வரி, எமனைப் பற்றிய எத்தனை தலைப்பை விடவும் பயனுள்ளது.

அபோஃபிஸ் மிக அருகில் வருவது நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை மூன்றே கால் மணி அளவில். சித்திரை முதல் நாள்! பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர். நம் வீட்டுத் தொலைக்காட்சிக்குச் சேனல் தரும் செயற்கைக்கோள்கள் அதற்கும் மேலே, 36,000 கிலோமீட்டரில் இருக்கின்றன. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வெறும் கண்ணுக்கே நகரும் புள்ளியாகத் தெரியும் என்கிறார்கள்.

இங்கிருந்து மலையேறினால் காவலூர் வானாய்வகம். 1988-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். இப்படி ஒன்று நம் மலையிலிருந்து கண்டறியப்பட்டது என்பதை என் மாணவர்களில் எவரும் செய்தித்தாளில் படித்து அறிந்ததில்லை. ஐயா, அந்த வானியலாளர்களிடம் ஒரு நிருபரை அனுப்புங்கள். தமிழ்நாட்டிலிருந்து அபோஃபிஸ் தெரியுமா, தெரிந்தால் எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், இருநோக்கி வேண்டுமா என்று கேட்டு முன்கூட்டியே எழுதுங்கள். பக்கத்து வீட்டுச் சிறுவன் அப்போது எட்டாம் வகுப்பு முடித்திருப்பான். அவனை மொட்டை மாடிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
வாணியம்பாடி.