கார்ஷின் பெட்டிகளில் மீதமிருப்பவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உருவப்படப் புகைப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால், அவருடைய புகழ்பெற்ற படங்களை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டாலே அவரைப் பாதுகாத்ததாகிவிடும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடத்தில், சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைக் கார்ஷ் வெடுக்கென்று எடுத்துவிட, அவர் முறைத்த கணத்தில் பதிவான படத்தை அறியாதவர் குறைவு. அதையடுத்து சர்ச்சில் இளகிச் சிரித்து, இன்னொரு படமும் எடுத்துக்கொள்ள இசைந்தார். அந்தப் படமும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், போர்க்கால உறுதியின் சின்னமாக உலகம் கொண்டாடிய முகத்தில் சுருட்டைப் பறிகொடுத்தவரின் எரிச்சலும் கலந்திருப்பது உறைக்கிறது. புகழ்பெற்ற படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லாமல் போகும்.

1987-இல் கனடாவின் தேசிய ஆவணக் காப்பகம் கார்ஷின் சேகரிப்பை வாங்கியபோது நெகட்டிவ்களும் (கேமராவில் முதலில் பதிவாகும் மூலப் படலங்கள்) அச்சுப் படங்களும் மொத்தமாக வந்தன. இன்று அவை 3 லட்சத்துக்கும் மேல். அவரிடம் படமெடுத்துக்கொண்டவர்களில் தலைவர்களும் நடிகர்களும் ஒரு பங்குதான். ஒட்டாவாவின் அரசு அலுவலர்களும் குடும்பங்களும் அவருடைய ஸ்டுடியோவில் வந்து அமர்ந்தார்கள். அந்நகரின் நடுத்தர வாழ்வை ஆராய்பவருக்குச் சர்ச்சிலைவிட, பெயர் தெரியாத அந்த முகங்களே பெரிதும் பயன்படும் என்பது என் எண்ணம். எந்தப் பட்டியலிலும் அவை ‘சிறந்த படங்கள்’ என்று இடம்பெறப் போவதில்லை.

மேலும், நெகட்டிவ் என்பது வெறும் பிம்பம் அன்று. அக்கால ஸ்டுடியோக்களில் சுருக்கங்களை மறைக்க நெகட்டிவின் மேலேயே பென்சிலால் திருத்துவார்கள். 8×10 அங்குல நெகட்டிவை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடித்தால் அந்தக் கோடுகள் மினுங்கும். ஸ்கேனில் அவை தோலின் நிறத்தோடு கலந்துவிடும். நெகட்டிவுக்கு அடித்தளமான அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக் படலமோ வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, வினிகர் நெடியடித்துச் சுருங்கும். குளிரறையில் வைத்தால் அதைத் தாமதப்படுத்தலாம். அதற்கு ஆண்டுதோறும் செலவு உண்டு, அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் ‘ஸ்கேன் போதும்’ என்ற வாதம் பெரும்பாலும் எழுகிறது.

இதன் தொடர்ச்சியாகக் கட்டுரை வெளியிடும் எண்ணம் இருந்தால், ஓர் ஆய்வாளர் காப்பகத்திலுள்ள கார்ஷின் பெட்டிகளை எவ்வாறு அணுகலாம் என்பதையும் விளக்க வேண்டுகிறேன். கூடவே, சிரிக்கும் சர்ச்சிலையும் அதே அளவில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்