கறுத்த நேந்திரமும் வாழைப்பழ பிரெட்டும்

மதுரை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. உசிலம்பட்டியில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதேதான், காலையில் வாங்கிய பழம் மறுநாள் சாயங்காலத்துக்குள் புள்ளி விழுந்துவிடுகிறது. வாழைப்பழ பிரெட்டுக்கு இது நல்ல காலம்தான்.

நீ செய்த பிரெட் அடியில் களியாகி, நடுவில் குழிந்து போனதாக எழுதியிருந்தாய். 'மூன்று பழம்' என்று குறிப்பில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டாயே, முதல் கோளாறு அங்கேதான். அது பெரிய கேவண்டிஷ் பழத்துக்குச் சொன்ன கணக்கு. நம் ஊரில் மோரிஸ், பச்சைப்பழம் என்று விற்பது அந்த இனம். சிறுமலைப் பழத்தில் மூன்று போட்டால் மாவு வறண்டு கிடக்கும், பெரிய நேந்திரம் மூன்று போட்டால் களியாகிவிடும். எண்ணாதே, உரித்த பிறகு எடை போடு.

250 கிராம் மைதாவுக்குப் பச்சைப்பழம் 350 கிராம். சர்க்கரை 150 கிராம், வாசம் இல்லாத எண்ணெய் 100 மில்லி, முட்டை 2, சோடா உப்பு முக்கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். 9-க்கு 5 அங்குல டின்னில் 175 டிகிரியில் 55 முதல் 60 நிமிடம். நல்லெண்ணெய் வேண்டாம், பழத்தின் மணத்தை அமுக்கிவிடும்.

இனி நேந்திரம். பச்சைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர், நேந்திரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மாவுச்சத்தும் கூடுதல். அதனால் பழத்தை 300 கிராமாகக் குறைத்து 75 மில்லி மோர் சேர். மோரின் புளிப்பு சோடாவுக்கும் வேலை கொடுக்கும். தோல் மஞ்சளாக இருக்கும்போது அவசரப்படாதே. முழுக்கக் கறுத்து, அழுத்தினால் விரல் பதிய வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் மாவுச்சத்து முழுதும் சர்க்கரையாக மாறியிருக்காது, எவ்வளவு மசித்தாலும் திப்பி திப்பியாக நிற்கும். பொறுக்க முடியாவிட்டால் தோலோடு இட்லிச் சட்டியில் 15 நிமிடம் வேகவை. உரித்து நீளவாக்கில் பிளந்தால் நடுவில் கறுப்பு நரம்பு ஒன்று ஓடும். குழந்தைக்கு ஊட்டும்போது எடுத்துப் போடுவோமே, அதேதான். கத்தி நுனியால் நெம்பி எடுத்துவிட்டு, நன்றாக ஆறவிட்டு மசி. சூட்டோடு கலந்தால் முட்டை திரிந்துவிடும்.

வாழைக்காயைப் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். அதில் இனிப்பும் இல்லை, மணமும் இல்லை. பிரெட் கல்லாகத்தான் வரும்.

பூவனில் புளிப்பு இயல்பாகவே உண்டு, மோர் தேவையில்லை. கற்பூரவள்ளி என்றால் சர்க்கரையை 110 கிராமாகக் குறை. சில பழத்தில் விதை கடிபடும், மசிக்கும்போது பார்த்துக்கொள். மலைப்பழம் பாதி, பச்சைப்பழம் பாதி கலந்து போட்டால் வரும் மணம் வேறு எதிலும் கிடையாது, எனக்குப் பிடித்தது அதுதான். மலைப்பழத்தில் சதை கெட்டி, இரண்டு டேபிள்ஸ்பூன் பால் விட்டுக்கொள்.

அடியில் களி போல ஒரு வரி ஓடியது என்றாயே, மிக்ஸியில் அடித்திருப்பாய். மைதா விழுந்த பிறகு கரண்டியால் மடித்து மடித்துக் கலக்க வேண்டும், உலர்ந்த மாவு கண்ணில் படாதபோது நிறுத்திவிட வேண்டும். சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அடிக்க அடிக்க மாவு ஜவ்வாகும். பதம் என்றால், கரண்டியைக் கவிழ்த்தால் மாவு கொத்தாக விழணும், ஓடக் கூடாது. நடு குழிந்து போவதற்கு சோடா கூடியதும் காரணமாகலாம், வேகுமுன் ஓவனைத் திறந்ததும் காரணமாகலாம். சோடா கூடினால் சோப்பு ருசியும் தட்டும்.

அத்தைக்கு முட்டை ஆகாதே, இரண்டு முட்டைக்குப் பதில் 120 கிராம் புளிக்காத கெட்டித் தயிரும் அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் போடு. கலந்ததும் டின்னை உள்ளே வைத்துவிடு. தயிர் பட்டதுமே சோடா பொங்க ஆரம்பித்துவிடும், மாவு காத்திருந்தால் அந்தக் காற்று வீணாகிவிடும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்றால் அதே 150 கிராமை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவிட்டு ஊற்று. நேந்திரத்துக்கு மோர் விடுவதாக இருந்தால், அப்போது அதில் பாதியைக் குறைத்துவிடு.

ஓவன் பழுதானால் பழைய குக்கர் போதும். அடியில் ஒரு அங்குலம் கல் உப்பு, மேலே ஒரு ஸ்டாண்டு. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடு. பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கி, குக்கருக்குள் அடங்கும் டின்னை உள்ளே வைத்து, மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம். 40 நிமிடம் வரை திறக்காதே. மேலே சிவக்காது, ருசிக்கு ஒன்றும் குறையாது. குச்சி குத்திப் பார், ஈரமாவு ஒட்டக் கூடாது.

ஆறிய பிறகே வெட்டு. இந்த வெயிலில் வெளியே ஒரு நாள், அப்புறம் ஃபிரிட்ஜ்.

அடுத்த வாரம் உங்கள் ஊர்ப் பக்கம் யாராவது வந்தால் மாட்டுத்தாவணியில் நேந்திரம் வாங்கிக் கொடுத்தனுப்புகிறேன். மஞ்சளாகத்தான் இருக்கும், கறுக்கும்வரை தொடாதே. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கோமதி