அப்பாவின் தொழிலைப் பற்றி

அன்புள்ள மகன்,

போன கிழமை ரெலிபோனில் கதைக்கும்போது, வேலையை விட்டுவிட்டு இனிக் கமராவோடு போட்டோப் படம் எடுக்கிறதுதான் என்று சொன்னாய். எனக்குச் சரியான சந்தோசம். ஆனால் கதையோடு கதையாக, “அப்பா செய்தது தொழில், நான் செய்யப்போறது கலை” என்றும் ஒரு சொல் சொல்லிவிட்டாய். அப்பா பக்கத்தில் இருந்து கேட்டவர். ஒன்றும் பேசாமல் பேப்பரை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார். தன்னைப் பற்றி விளக்கம் சொல்லுகிற பழக்கம் அவருக்கு ஒருநாளும் இல்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

பதினாறு வயதில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த ஒரு ஸ்ரூடியோவுக்கு எடுபிடியாகப் போனவர் அப்பா. முதலாளி முதலில் விட்ட இடம் இருட்டறை. கறுப்பு வெள்ளைப் படம் கழுவுகிற மருந்து 20 பாகை செல்சியசில் இருக்கவேண்டும் என்று பெட்டியில் போட்டிருக்கும். கொழும்புக் குழாய்த்தண்ணீர் எந்த மாதத்தில் அந்தக் குளிரில் வந்தது? ஐஸ்கட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, மருந்துத் தட்டைச் சுற்றி ஐஸ்தண்ணீர் விட்டுத்தான் வேலை. ஐஸ் முடிந்துவிட்டால் கழுவுகிற நேரத்தைக் குறைக்கவேண்டும். சூடு கூடினால் பிலிமின் மேற்பூச்சு ஊதி இளகிவிடும், நகம் பட்டாலே உரியும். அப்படி எத்தனை கல்யாணங்களை அப்பா தன் விரலுக்குள் வைத்துக் காப்பாற்றியிருப்பார்!

அந்த முதலாளியிடம் எங்கட நாட்டுப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் படப்புத்தகம் ஒன்று இருந்தது, 1950இல் லண்டனில் அச்சடித்தது. வென்ட் சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், 1944இல் 44 வயதில் காலமானவர். கில்ட்போர்ட் கிரெசன்ற்றில் அவருடைய வீடு இருந்த இடத்தில்தான் 1953இல் அவர் பெயரில் கலையரங்கு திறந்தார்கள். இரண்டு மூன்று நெகற்றிவ்களை ஒரே படமாக இணைப்பார். பாதி கழுவின படத்துக்கு வெளிச்சத்தைக் காட்டி, உருவத்தின் ஓரத்தைக் கோடாக எழுப்புவார். கடை பூட்டினபிறகு அப்பா அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, இது எந்தப் பக்க வெளிச்சம், இதை எப்படிச் செய்திருப்பார் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். ஓவியப் பள்ளிக்கூடத்துக்கு அவர் போகவில்லை. அந்தப் புத்தகம்தான் அவருடைய பள்ளிக்கூடம்.

நான் அங்கே போனது அடையாள அட்டைக்குப் படம் எடுக்க. 1972இல் அடையாள அட்டை வந்தபிறகு எல்லா ஸ்ரூடியோவிலும் கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் கையால் கலர் பூசின கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் ஒன்று வைத்திருந்தார்கள். பொம்பிளையின் முகம் ரோசாப்பூ நிறம். எங்கட சனத்தில் யாருக்கு இந்த நிறம் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அப்பா உள்ளே போய், அதே படத்தின் இன்னொரு பிரதியையும் பஞ்சு சுற்றின தீக்குச்சியையும் கொண்டுவந்து, “நீங்கள் பூசிக் காட்டுங்கோ” என்றார். கோபமே இல்லை. உண்மையாகவே அறியவேண்டும் என்று நின்றார். அந்த நிமிசமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

வெளிநாட்டுக் கலர்ப் பெட்டியில் தோல் நிறம் என்று வந்தது வெள்ளைக்காரருக்கு உரியது. அதோடு மண்ணிறமும் துளி மஞ்சளும் கலந்து, கன்னத்தில் தொட்டு வைத்து, அடியிலுள்ள நிழல் தெரியுமட்டும் பஞ்சால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். பிறகு அங்கேயே எனக்கு வேலை கிடைத்தது. சம்பந்தம் பேச அனுப்புகிற படங்களுக்கு “கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ” என்று வருவார்கள். நானும் அப்பாவும் அதற்கு ஒருநாளும் சம்மதிக்கவில்லை. அவர் கிறிஸ்தவ வேதக்காரர், நாங்கள் சைவம். அம்மப்பா என்னோடு பேசாமல் விட்டதும், நாங்கள் பதிவுத் திருமணம் செய்ததும் உனக்குத் தெரிந்த கதை.

1983 ஆடிக் கலவரத்தில் அந்த ஸ்ரூடியோவை எரித்தார்கள். வீடும் அல்பமும் எரிந்த சனம், “எங்கட நெகற்றிவ் இருக்குமா?” என்று அப்பாவைத் தேடி வந்தது. சாம்பலைத் தவிர அவரிடம் என்ன இருந்தது? அதற்குப் பிறகுதான் ஜம்பட்டா வீதியில் சொந்தமாக எங்கட சின்னக் கடை. ஒவ்வொரு நெகற்றிவும் தகரப்பெட்டியில், ஒவ்வொரு உறையிலும் பெயரும் திகதியும் என் கையெழுத்தில். சாமத்தியப் பிள்ளையின் பூப்பின்னல் தெரிய முதுகுக்குப் பின்னால் கண்ணாடி நிறுத்தி, அந்தக் கண்ணாடிக்குள் கமரா விழாமல் எடுக்கிறது லேசான வேலையா, நீயே சொல்லு.

ஆனால் நான் சொல்ல வந்தது சேர்த்து எடுத்த படங்களைப் பற்றி. தொண்ணூறுகளில் லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்திருந்த குடும்பங்கள் வரும். தகப்பன் செத்துவிட்டார், மூத்தவன் சுவிசில், இனி எப்போது ஒன்றாய் இருப்போமோ தெரியாது, எல்லாரையும் ஒரு படத்தில் சேர்த்துத் தாங்கோ என்று ஒரு பழைய பாஸ்போட் படத்தை நீட்டுவார்கள். அப்பா அந்தப் படத்தில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, அதே பக்கத்தில் லைற்றை வைப்பார். பிறகு, இல்லாதவன் நிற்கவேண்டிய இடத்தில் உன்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். விளையாட்டைக் குழப்பிப்போட்டார் என்று முகத்தை நீட்டிக்கொண்டு வருவாயே, ஞாபகம் இருக்கிறதா? தாயைக் கூப்பிட்டு உன் தோளில் கை வைக்கச் சொல்லுவார். வெறும் கதிரைச் சட்டத்தில் கையை வைத்தால் விரல் விறைத்துப்போகும், பிள்ளையின் தோள் என்றால்தான் விரல் தானாக மடியும் என்பார்.

பிறகு இரவிரவாக வேலை. தலையை அளவுக்குப் பெருப்பித்து, பிளேட்டால் வெட்டி, ஓரத்தைப் பின்பக்கமாக மெல்லிய அரத்தாளால் தேய்த்து, வெள்ளை விளிம்பில் மை தொட்டு, உன் கழுத்தில் பொருத்தி ஒட்டி, அதைத் திரும்பவும் படம் எடுப்பார். இணைத்த இடத்தில் தூரிகை வைக்கிறது நான். சூரிச்சிலும் பாரிசிலும் உன் ரொறன்ரோவிலும் சுவரில் தொங்குகிற அந்தப் படங்களில், தாய்மார் பிடித்திருக்கிற தோள் உன்னுடையது. வென்ட்டின் புத்தகத்தில் கற்றதை அப்பா கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அதுதான். இதைக் கலை இல்லை என்று நீ சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், ராசா.

வயது போய்விட்டது என்று நீ கவலைப்பட்டாய். இங்கிலாந்துப் புகைப்படக் கலைஞர் யூலியா மார்கிரெட் கமரனுக்கு மகள் முதல் கமராவைப் பரிசாகக் கொடுத்தது 1863இல், அப்போது அவருக்கு 48 வயது. அவர் அடக்கமானது எங்கட பொகவந்தலாவையில். உனக்கு இன்னும் காலம் இருக்கிறது.

அம்மப்பா கடைசியில் எங்கட கடைக்கு வந்து, உன்னை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாரே, அந்த நெகற்றிவை ஸ்கான் பண்ணி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவருடைய கையைப் பெரிதாக்கிப் பார். அப்பா அதற்காக எவ்வளவு நேரம் கமராவுக்குப் பின்னால் பொறுத்து நின்றார் என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கோல் எடு. மன்னிப்பு ஒன்றும் கேட்கத் தேவையில்லை, அவருக்கு அது பிடிக்காது. ஒரு குடும்பத்தில் ஒருவர் கறுப்பு, ஒருவர் வெள்ளை, இரண்டு பேருக்கும் சரியாக லைற் வைக்கிறது எப்படி என்று கேள். மணித்தியாலக் கணக்காகச் சொல்லுவார். கொப்பியும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா