இடாப்பு வாசிக்குமுன்

அன்பு மகள்,

வருகிற திங்கள் ஆக்லாந்தில், மாங்ஙெரெயில் உனக்கு முதல் வகுப்பு என்று அம்மா சொன்னா. இடாப்பு கைக்கு வந்ததும், பாடக் குறிப்பு எழுத முதல், பிள்ளைகளின் பெயர்களை வாய்விட்டு வாசித்துப் பழகு.

வெலிங்டனில் நான் கிளினிக் வரவேற்பு மேசையில் இருந்த முதல் வருஷம், நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி ஆட்களில் ஒருவரான ஙைரெ என்ற அம்மாவை, மற்றவர்கள் சொல்கிறபடி 'நைரி' என்று கூப்பிட்டேன். அவ எழும்பவில்லை. மூன்றாம் தரம் மெதுவாக வந்து, அது தன் பாட்டியின் பெயர் என்றா. பள்ளிக்கூடத்தில் மாவோரி கதைத்ததற்கு அடி வாங்கின பாட்டி. அந்தத் தலைமுறையில் நிறையப் பேருக்கு நடந்தது அது. அடி வாங்கியும் காப்பாற்றிக் கொடுத்த பெயரை நான் மூன்று தரம் பிழையாகச் சொன்னேன்.

எனக்குப் பெரிய வெட்கம். அந்த ங எங்களுடைய எழுத்தல்லவா? 'அங்ஙனம்' என்று சொல்லிப் பார், முன்னால் இருக்கிற 'அங்'கை விடு, ஙைரெயின் முதல் ஒலி அதுதான். நாக்கு இருந்தும் நான் காது கொடுக்கவில்லை.

குறில் நெடிலும் உனக்குப் புதிதல்ல. மாவோரியை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள், உயிரெழுத்தின் மேல் கோடு இருந்தால் நெடில். கெக்கெ என்றால் கேக், கேக்கே என்றால் கமக்கட்டு. சமோவாப் பெயரில் ஆங்கில 'ஜி' வந்தால் அதுவும் ங. ஃபிஜிப் பெயரில் 'சி' வந்தால் 'அது'வில் வருகிற த. மாவோரியில் 'டபிள்யூ', 'எச்' சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஃப, ஆனால் வங்ஙனுயி ஆற்றங்கரை ஆட்கள் அப்படிச் சொல்வதில்லை. ஆனபடியால் விதி படித்தது போதும் என்று இராதே. பிள்ளையைக் கேள், தாய் தகப்பனைக் கேள்.

"எப்படியும் கூப்பிடுங்கோ மிஸ்" என்று சில பிள்ளைகள் சொல்லும். அதை மட்டும் ஏற்காதே. பல பேர் பிழையாகச் சொல்லிக் களைத்துப்போன பிள்ளைதான் அப்படிச் சொல்லும். நானும் சொன்னவன். சிவசுப்பிரமணியம் 'சிவ்' ஆகி இருபது வருஷம். இரவில் துப்புரவு வேலைக்கு வந்த டோங்காக்காரர் ஒருவர்தான் என் பெயரைக் கடதாசியில் எழுதி வாங்கிக்கொண்டு போய், அடுத்த நாள் முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை, மகள். என் ஐயா கூப்பிட்ட மாதிரி இருந்தது.

1984இல் ஆக்லாந்தில் தொலைபேசி இணைப்பாளராக இருந்த நைடா கிளாவிஷ் 'கியா ஓரா' என்று மாவோரியில் வணக்கம் சொல்லி அழைப்பை எடுத்ததற்கு, நிறுத்தச் சொன்னார்கள். அவர் நிறுத்தவில்லை. 1987இல் மாவோரி அரச மொழியானது. உன் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டிமார் அந்தக் காலத்து ஆட்கள். பெற்றோர் சந்திப்புக்கு அவர்களும் வருவார்கள்.

ஞாயிறு பின்னேரம் போன் எடு. நாக்குப் புரளாத பெயர் இருந்தால் இரண்டு பேரும் சொல்லிப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா