சூத்திரத்துக்கு முன் சுழற்சியைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, தனிப்பயிற்சி மையம் ஒன்றில் கொடுத்த கூட்டுக்கோணச் சூத்திரங்களை, அதாவது இரு கோணங்களின் கூட்டுத்தொகைக்குச் சைன், கொசைன் காணும் sin(A + B) = sin A cos B + cos A sin B, cos(A + B) = cos A cos B − sin A sin B என்பவற்றை, ஒரு வாரமாக உருப்போட்டுக்கொண்டிருந்தாள். இவற்றுள் கொசைன் விரிவில் மட்டும் கழித்தல் குறி ஏன் வருகிறது என்று அவள் அங்கே கேட்டதற்கு, அதெல்லாம் தேர்வுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்த எனக்கு இது பெரிய வருத்தம். ஏனென்றால் அதற்கான விடை மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் போடும் கோலத்திலேயே இருக்கிறது.

புள்ளிகளைச் சதுரக் கட்டங்களாக வைக்கும் நேர்ப்புள்ளிக் கோலத்தின் நடுப்புள்ளியை ஆதிப்புள்ளியாகக் கொண்டு, அங்கிருந்து வலப்புறம் 3, மேலே 1 என்று நகர்ந்தால் ஒரு புள்ளியை அடைகிறோம். கோலம் முழுவதையும் கடிகார எதிர்த்திசையில் ஒரு கோணம் திருப்பினால், வலப்புறம் வைத்த ஒவ்வோர் அடியும் அந்தக் கோணத்தின் கொசைன் அளவு வலப்புறமும் சைன் அளவு மேலும் செல்லும். மேல்நோக்கி வைத்த அடியோ கொசைன் அளவு உயர்ந்து, சைன் அளவு இடப்புறம் சாய்ந்துவிடும். அந்த இடச்சாய்வுதான் கழித்தல் குறி. வலப்புற அளவை எக்ஸ் என்றும் மேல்நோக்கிய அளவை ஒய் என்றும் கொண்டால், புதிய எக்ஸ் என்பது பழைய எக்ஸைக் கொசைனால் பெருக்கி, அதிலிருந்து பழைய ஒய்யைச் சைனால் பெருக்கியதைக் கழித்தது. புதிய ஒய் என்பது பழைய எக்ஸைச் சைனாலும் பழைய ஒய்யைக் கொசைனாலும் பெருக்கிக் கூட்டியது. நடுப்புள்ளியைச் சுற்றி ஆரம் 1 கொண்ட ஓரலகு வட்டத்தின் மேல் A கோணத்தில் உள்ள (cos A, sin A) என்ற புள்ளியை B கோணம் திருப்பி இதையே எழுதினால், மாணவர் மனப்பாடம் செய்யும் இரு சூத்திரங்களும் அப்படியே வந்து நிற்கும்.

90 பாகை திருப்பினால் (3, 1) என்ற புள்ளி (−1, 3)-க்குப் போகிறது. அங்கும் ஒரு கோலப்புள்ளி உண்டு. 45 பாகை திருப்பினாலோ, ஏறத்தாழ (1.41, 2.83) என்று புள்ளியில்லாத இடத்தில் போய் விழுகிறது. ஆனாலும் நடுவிலிருந்து உள்ள தொலைவின் வர்க்கம் அதே 10தான். நேர்ப்புள்ளிக் கோலங்களில் நாற்புறமும் ஒத்த வடிவங்கள் இயல்பாக அமைவது, 90 பாகை திருப்பும்போது புள்ளிகள் புள்ளிகளின் மேலேயே விழுவதால்தான். ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளிகளுக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளிகளை வைக்கும் இடுக்குப்புள்ளிக் கோலத்தில் கணக்கு இன்னும் அழகாகிறது: (1, 0) என்ற புள்ளியை 60 பாகை திருப்பினால் அது 0.5 வலப்புறமும் சுமார் 0.87 மேலும் செல்வதால், வரிசைகளுக்கிடையே உள்ள தூரம் புள்ளிகளுக்கிடையே உள்ள தூரத்தில் 0.87 பங்காக இருந்தால்தான் அறுகோணத் தாமரை கோணாமல் வரும். அந்த அளவை என் தாயார் கண்பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களிலேயே கோலத்தைக் கணினியியல் நோக்கில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நகரத்தின் வகுப்பறைகளில் கோலம் ஓவியப் பாடத்தோடு நின்றுவிடக் கூடாது.

எனவே, கூட்டுக்கோணப் பாடத்தைத் தொடங்கும்போது முதல் இரண்டு பாடவேளைகளைச் சுழற்சிக்கென ஒதுக்குமாறு கணித ஆசிரியர்களையும், அதற்கேற்ற செயல்பாடு ஒன்றைப் பாடநூலில் சேர்க்குமாறு கல்வித்துறையினரையும் கேட்டுக்கொள்கிறேன். வேண்டியவை ஒரு வரைபடத்தாள், அதன்மேல் வைக்க ஒரு டிரேசிங் தாள், ஆதிப்புள்ளியில் குத்த ஒரு குண்டூசி, ஒரு கோணமானி. என் பேத்திக்கு இவற்றைக் கொண்டு விளக்க அரை மணி நேரமே ஆயிற்று. கழித்தல் குறி எங்கிருந்து வருகிறது என்பதை அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மயிலாப்பூர், சென்னை