'உங்களுக்கு மட்டும்தான் சார்': மின்சார எஸ்யூவி புகார்கள் பற்றி சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மின்சார வண்டிக்கு மாறுங்கள் என்று அரசு சொன்னதை நம்பி மாறியவர்களில் நானும் ஒருவன். ஐந்து சதவீத ஜிஎஸ்டிக்கும் பச்சை நம்பர் பிளேட்டுக்கும் நன்றி. ஓட்டுவதற்கு வண்டி அருமையாகத்தான் இருக்கிறது, ஓடும்போது. அது ஓடாமல் போகும்போது நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக் கோளாறுகள் பற்றி வண்டிக்காரர்கள் தரும் புகார்களை, பெயரையும் வண்டி நம்பரையும் மறைத்துவிட்டு, மாடல் வாரியாக எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அவ்வளவுதான். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்களுக்கு நடந்தது இது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நீங்கள் கேட்டால் ஆர்சி நகலோடு அனுப்புகிறேன். திருச்சியிலிருந்து விழுப்புரம் திரும்பிக்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு லாரியை முந்தும்போது வண்டியின் அடியிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். திரையில் ஆமைப் படம் வந்தது, வேகம் இறங்கியது. இடது பக்கம் வரிசையாக லாரிகள், ஒதுங்க இடமில்லை. மீடியனை ஒட்டிய வேகப் பாதையிலேயே வண்டி நின்றுவிட்டது. நேரம் இரவு பத்தைத் தாண்டியிருந்தது. பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது.

பெட்ரோல் கார் என்றால் நியூட்ரலில் போட்டு, இரண்டு பேர் இறங்கி ஓரமாகத் தள்ளிவிடலாம். இதில் அது முடியவில்லை. கீழே எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும், கணினி, விளக்கு, கதவுப் பூட்டு, கியர், பார்க்கிங் பிரேக் எல்லாம் ஓடுவது சாதாரண 12 வோல்ட் பேட்டரியில்தான். பெரிய பேட்டரியிலிருந்து சின்ன பேட்டரிக்கு மின்சாரம் மாற்றித் தரும் கருவி செத்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் சின்ன பேட்டரியும் காலி. கியர் 'பி' என்ற நிறுத்தும் நிலையில் சிக்கிக்கொண்டது. பார்க்கிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டது. இரண்டு டன்னுக்குப் பக்கமான வண்டி, தேசிய நெடுஞ்சாலையின் வேகப் பாதையில், அசைக்கவே முடியாமல் நின்றது.

அபாய விளக்கு கண்ணெதிரே மங்கிக்கொண்டே வந்தது. முட்டிவலிக்காரரான அம்மாவைக் கைத்தாங்கலாக மீடியனில் ஏற்றி, அரளிச் செடிகளுக்கு நடுவே நிற்கவைத்தோம். மனைவி அவரைப் பிடித்துக்கொண்டார். நான் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து போய் செல்போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றேன். ஆம்னி பஸ்கள் வருகிற நேரம். ஒவ்வொரு பஸ்ஸும் கடைசி நொடியில்தான் எங்களைப் பார்த்து ஒடித்தது. 1033க்கு அடித்ததும் ரோந்து வண்டிக்காரர்கள் வந்து கூம்புகளை வைத்தார்கள், அவர்களுக்கு நன்றி. அப்புறம் வந்த கிரேன் டிரைவர், "எலெக்ட்ரிக் வண்டியா சார்? சக்கரத்தை உருட்டி இழுத்தா மோட்டார் போயிடும்னு சொல்றாங்க, நான் கை வைக்க மாட்டேன்" என்றார். நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசியவர், ஃப்ளாட்பெட் கிளம்பிவிட்டது, காத்திருங்கள் என்றார். எங்கே காத்திருப்பது? கடைசியில் அதே கிரேன் டிரைவர்தான் தன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துப் பார்ப்போம் என்றார். திரை உயிர் பெற்றது, பிரேக் விட்டது, நியூட்ரலில் போட்டு ஓரம் கட்டினோம். உதவி எண்ணுக்குத் தெரியாத வழி அவருக்குத் தெரிந்திருந்தது.

சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பல நாள் வைத்திருந்தார்கள். "இப்ப ப்ராப்ளம் வரல சார், சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு." வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்று கேட்டேன். "உங்களுக்கு மட்டும்தான் சார்."

கொஞ்ச நாள் அதை நம்பினேன். பிறகு விக்கிரவாண்டி பக்கம் ஒரு சார்ஜிங் ஸ்டேஷனில், அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அதே 'டப்', அதே ஆமை. அவர் வேறு ஊர், வேறு டீலர். அவரிடமும் "உங்களுக்கு மட்டும்தான் சார்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கும் அப்படியே. ஆளுக்கு ஒரு ஊரில் உட்கார்ந்து, நமக்கு மட்டும் ராசியில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஐயா, இந்தப் பதிலை எங்களிடம் துணிந்து சொல்ல முடிவதற்குக் காரணம், புகார்ப் பட்டியல் எங்கள் கண்ணில் படாது என்பதுதான்.

கண்ணில் படும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் புகார் தரலாம். பெயரை நீக்கிவிட்டு, புகாரில் எழுதியதை அப்படியே இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். 2023 ஜூனில், ஹூண்டாயின் மின்சாரக் காரான 2022 மாடல் ஐயோனிக் 5 ஓடும்போதே உந்துசக்தியை இழப்பதாக வந்த 30 புகார்களை வைத்து அந்த நிர்வாகம் விசாரணை தொடங்கியது. விசாரணைக்குள் வந்த வண்டிகள் சுமார் 39,500. புகார் தந்தவர்களில் பலர் முதலில் ஒரு பெரிய சத்தம் கேட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அதே கோளாறுக்காக 2024 மார்ச்சில் அமெரிக்காவில் 98,000க்கும் மேற்பட்ட ஹூண்டாய், ஜெனிசிஸ் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கொரியாவில் ஹூண்டாய், கியா இரண்டும் சேர்ந்து சுமார் 1.7 லட்சம். அந்த ஆண்டு ஜூனில் இந்தியாவிலும் 1,744 ஐயோனிக் 5 வண்டிகளை அழைத்துச் சரிபார்த்தார்கள். என் வண்டி அந்த நிறுவனத்தின் வண்டி இல்லை. அவர்களாவது அழைத்தார்களே என்று இருக்கிறது எனக்கு.

39,500 வண்டிகளுக்கு 30 புகார். நம் விதி என்ன சொல்கிறது? 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரீகால், அதாவது வண்டிகளைத் திரும்ப அழைக்கும் விதிகளின்படி, ஆண்டுக்கு 500 வரை விற்கும் கார் மாடல் என்றால் கட்டாயமாகத் திரும்ப அழைக்க விற்பனையில் 20 சதவீதம் அல்லது 100 புகார் வர வேண்டும், இரண்டில் எது குறைவோ அது. விலை கூடிய மின்சார எஸ்யூவிகளில் பல இங்கே மிகக் குறைவாகத்தான் விற்கின்றன. 500 விற்ற வண்டியில் 99 குடும்பங்கள் அரளிச் செடிக்கு நடுவே நின்றிருந்தாலும் கணக்கில் ஒன்று குறைகிறது, இல்லையா? நூறாவது குடும்பத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தைப் பார்த்து பஸ் டிரைவர் நேரத்துக்கு ஒடிப்பார் என்று நம்புவோம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் வேறு வழியும் இருப்பது தெரியும். சோதனை நிறுவனமோ வேறு எந்த வழியிலோ தகவல் வந்தாலும் நீங்கள் உத்தரவிடலாம். நிறுவனம் தானாக முன்வந்து அழைக்காவிட்டால் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. ஆயுதம் கையில் இருக்கிறது. அதை எடுக்க வைக்கும் அழுத்தம் எங்கிருந்து வரும்? புகார்கள் வெளியே தெரிந்தால்தான் வரும்.

தீப்பிடித்தால் மட்டும் வந்துவிடுகிறது. 2022 ஏப்ரலில் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்தபோது, அலட்சியமாக இருக்கும் நிறுவனங்களுக்குக் கடும் அபராதமும் ரீகால் உத்தரவும் வரும் என்று அமைச்சரே வெளிப்படையாக எச்சரித்தார். அதே ஆண்டு ஜூனில் மும்பை அருகே வசாய் என்ற ஊரில் டாடாவின் மின்சாரக் காரான நெக்ஸான் இவி ஒன்று எரிந்ததும் உடனே விசாரணைக்கு உத்தரவானது. பேட்டரிப் பாதுகாப்பு விதிகளையும் இறுக்கினீர்கள். நல்ல வேகம். ஆனால் எரியாமல் சும்மா நின்றுபோகும் வண்டி டிவியில் வராது. அதைப் பின்னால் வந்து இடிக்கும் லாரிதான் மறுநாள் செய்தியில் வரும், அதுவும் 'சாலை விபத்து' என்ற கணக்கில்.

ஒரு அப்டேட்டோடு விஷயம் முடிந்துவிடுவதும் இல்லை. ஹூண்டாயின் இன்னொரு மின்சாரக் காரான கோனா எலெக்ட்ரிக் தீப்பிடித்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்தியக் கோனாக்கள் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பூட்டப்பட்டவை. 2020 அக்டோபரில் கொரியாவில் ரீகால் அறிவித்து சாஃப்ட்வேர் மாற்றினார்கள். டிசம்பரில் இந்தியாவிலும் 456 வண்டிகளை அழைத்தார்கள். 2021 ஜனவரியில், ஏற்கெனவே சரிபார்த்துக் கொடுத்த ஒரு கோனா கொரியாவின் தேகு நகரில் எரிந்தது. அதன் பிறகுதான் உலகம் முழுக்கச் சுமார் 82,000 வண்டிகளுக்கு பேட்டரியையே மாற்றுவதாக முடிவெடுத்தார்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி வோன் செலவில். ஜாகுவாரின் மின்சாரக் காரான ஐ-பேஸின் தீ ஆபத்துக்கும் முதலில் சாஃப்ட்வேர்தான் வந்தது. கடைசியில் 2024ல், 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், வீட்டை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்துங்கள் என்று சொல்லி, அமெரிக்காவில் 2019 மாடல் 2,760 வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிவு செய்தார்கள். ரிப்பேருக்குப் பிறகும் வரும் புகார்தான் ரிப்பேர் பலித்ததா என்று காட்டும். அந்தப் புகார் டீலரின் ஜாப் கார்டோடு புதைந்துபோனால் யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மன்னிக்கவும். சுங்கச்சாவடியைத் தாண்டும் நொடியில் ஃபாஸ்டேக்கில் பணம் போய் எஸ்எம்எஸ் வந்துவிடுகிறது. சீட் பெல்ட் போடவில்லை என்றால் போட்டோவோடு சலான் வருகிறது. எந்த சேஸ் நம்பர் எந்த ஊரில் யார் பெயரில் இருக்கிறது என்பது 'வாகன்' என்ற அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் உங்களிடம் இருக்கிறது. ஆனால் என் வண்டியில் உயிருக்கு ஆபத்தான கோளாறு இருக்கிறதா என்று கேட்டால், நிறுவனத்தின் வெப்சைட்டைப் போய்ப் பார் என்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் பாடு இன்னும் மோசம். நிறுவனத்தின் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் போகும். வசூலுக்கு என்று வந்தால் என்னை ஒரு நொடியில் கண்டுபிடிக்கும் அரசு, எச்சரிக்கை என்று வந்தால் மட்டும் ஏன் தேடுகிறது?

நட்சத்திரக் கணக்கும் இருக்கிறது. அரசின் மோதல் சோதனையான பாரத் என்கேப் வந்ததிலிருந்து விளம்பரம் எல்லாம் ஐந்து நட்சத்திரம்தான். மோதினால் எவ்வளவு தாங்கும் என்று சோதிப்பது நல்ல விஷயம், வரவேற்கிறேன். நடுரோட்டில் தானாக நிற்காமல் இருப்பதற்கும் அரை நட்சத்திரமாவது வைக்கலாம். கதவுக் கைப்பிடி உள்ளே மறைந்துகொள்வதற்கும் கூரையில் கலர் விளக்கு எரிவதற்கும் காட்டும் அக்கறையை 12 வோல்ட் பேட்டரி மேல் காட்டியிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

புகார்களை வெளியிட்டால் போட்டி நிறுவனங்கள் பொய்ப் புகார்களைக் கொட்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லக்கூடும். ஆர்சியும் சேஸ் நம்பரும் பொருந்தினால்தான் புகாரே பதிவாகும் என்று வைத்துவிடுங்கள், அந்தப் பயம் தீர்ந்துவிடும். மக்கள் மின்சார வண்டிக்கே பயந்துவிடுவார்கள் என்று இன்னொரு வாதம் வரும். எனக்கு அது சரியாகப் படவில்லை. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறந்தாயிற்று. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கிரெட்டா எலெக்ட்ரிக் தயாராகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேலை பார்க்கும் தொழில் இது. கெட்டுப்போக வேண்டும் என்று நான் நினைப்பேனா? வாங்குகிறவரைப் பயமுறுத்துவது புகார்ப் பட்டியல் இல்லை. தெரிந்தவர் வீட்டு வண்டி நடுரோட்டில் நின்ற கதையும், அதற்கு யாரும் பதில் சொல்லாததும்தான்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பாதுகாப்புப் புகார்களை மாடல் வாரியாக, மாதம் வாரியாக வெளியிடுங்கள். ரிப்பேருக்குப் பிறகு வரும் புகார்களைத் தனியாகக் காட்டுங்கள். ஓடும்போது உந்துசக்தி போவது, பிரேக் போவது, தீ ஆகிய மூன்றுக்கும் எண்ணிக்கை பார்க்காமல் விசாரியுங்கள். ரீகால் என்றால் சலான் வரும் அதே செல்போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.

இதற்குப் பதில் இந்தியில் வந்தாலும் சரி, ஆங்கிலத்தில் வந்தாலும் சரி, யாரையாவது வைத்துப் படித்துக்கொள்வேன். 'உங்களுக்கு மட்டும்தான்' என்ற பதில் மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பச்சை நம்பர் பிளேட் வண்டிக்காரன் ஒருவன்,
விழுப்புரம் மாவட்டம்.