தரை தட்டாத கப்பல் வேண்டும்: 1822-இலிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்கு ஒரு கேப்டனின் மடல்

பாஸ்டன், டிசம்பர் 1822

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கியூபாக் கரையில் நடப்பதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் மட்டான்சாஸ் பக்கம் கொள்ளையரைத் துரத்திப்போன நம் கடற்படை லெப்டினன்ட் ஆலன் குண்டடிபட்டு இறந்தது உங்களுக்குத் தெரியும். என் கப்பலில் நடந்தது செய்தித்தாளில் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

சர்க்கரைப் பாகு ஏற்றிக் கிளம்பிய மறுநாள் காற்று விழுந்துவிட்டது. கொள்ளையர் இரண்டு படகுகளில் துடுப்புப் போட்டு வந்தார்கள். பணம் எங்கே என்று கேட்டு என் சமையல்காரரின் கழுத்தில் கயிறு மாட்டித் தூக்கினார்கள். கால் உதறல் அடங்கும் நேரத்தில் இறக்கி, மறுபடி கேட்டார்கள். மூன்று முறை. அவருக்கு என்ன தெரியும்? முதலாளியின் பணப்பெட்டி இருந்தது என் அறையில். மூன்றாவது முறைக்கு அப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன்.

திசைகாட்டி, ரொட்டிப் பீப்பாய், கப்பல் பையனின் செருப்பு வரை வாரிக்கொண்டு அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வழியில் நம் கடற்படைக் கப்பல் ஒன்றைப் பார்த்தோம். "அதற்குள் போனால் தரை தட்டும்" என்றார் அதன் கேப்டன். பொய் சொல்லவில்லை. ஆலன் போன கப்பலே சில நாளில் ஃபுளோரிடாப் பாறையில் தரை தட்டி, கொள்ளையர் கையில் சிக்கக் கூடாதென்று நம்மவர்களே கொளுத்த வேண்டியதாயிற்று.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: ஆழமில்லாத தண்ணீரில் ஓடும் சின்னக் கப்பல்களும் துடுப்புப் படகுகளும் அனுப்புங்கள்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1790-இலேயே கடற்கொள்ளைக்கு மரண தண்டனை. வெளிநாட்டுக் கப்பலை வெளிநாட்டான் கொள்ளையடித்தால் அந்தச் சட்டம் பொருந்தாது என்றது 1818 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சரி, 1819-இல் புதுச் சட்டம் போட்டீர்கள்: நாடுகளின் பொதுச் சட்டம் எதைக் கடற்கொள்ளை என்கிறதோ அதுவே கடற்கொள்ளை. அப்படியென்றால் என்ன என்று 1820-இல் மறுபடி வழக்கு. உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டோரி பக்கம் பக்கமாக லத்தீன் மேற்கோளோடு அடிக்குறிப்பு எழுதினார். என் சமையல்காரரைக் கூப்பிட்டிருந்தால் கழுத்தைக் காட்டியே விளக்கியிருப்பார்.

வணிகக் கப்பல்களும் எதிர்த்துச் சண்டையிடலாம் என்று அந்த 1819 சட்டம் அனுமதிக்கிறது. நன்றி. எங்களிடம் இருந்தது ஏழு பேர், ஒரு துப்பாக்கி, ஈரமான வெடிமருந்து.

கியூபாவை ஆளும் ஸ்பானிய ஆளுநர் நம் வீரர்களைக் கரையிறங்க விடவில்லை என்று குறைப்படுகிறோம். தென் அமெரிக்கப் புரட்சிக்காரர்களின் அனுமதிச் சீட்டோடு ஸ்பானியக் கப்பல்களைச் சூறையாடிப் பணம் பார்த்த நம் பால்டிமோர் நகரக் கனவான்களை நாம் என்ன செய்தோம்? விடுங்கள், அதைப் பேச உட்காரவில்லை.

சின்னக் கப்பல்கள். இந்தக் கூட்டத்தொடரிலேயே ஒப்புதல் தந்தால் நன்றியுடையவனாவேன். முதலாளி காப்பீடு எடுத்துவிட்டார்; பிப்ரவரியில் மறுபடி மட்டான்சாஸ் போகச் சொல்கிறார். சமையல்காரரும் வருகிறார், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு.

பணிவுடன்,
ஒரு வணிகக் கப்பல் கேப்டன்